அறுபத்திமூன்று நாள் இறங்காத பந்து

மிக்கேல்துறைக்கும் வலியகடவுக்கும் நடந்த இறுதி ஆட்டத்தில், நேரம் முடிந்து விசில் ஊத வேண்டிய நொடியில் எங்களுக்குக் கிடைத்த பெனால்டியை என் அண்ணன் டெல்பின் ஓடி வந்து அடித்தான், பந்து மேல்கம்பியில் பட்டு நேராக வானத்துக்குப் போனது, போனது போனதுதான், அறுபத்திமூன்று நாள் கீழே வரவில்லை.

அண்ணாந்து பார்த்தோம். எங்கள் ஊர் ஆட்கள் இரண்டாயிரம் பேர், அவர்கள் ஊர் ஆட்கள் இரண்டாயிரம் பேர், கடலை விற்கிறவர், குச்சி ஐஸ் விற்கிறவர், ஃபாதர், ஃபாதருடைய நாய், எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ரெண்டு தென்னை உயரத்தில், கோல் கோட்டுக்கு நேர் மேலே, கடைசி பஸ் எப்படியும் வரும் என்று நம்பி நிற்கிற ஆளைப் போலக் கொஞ்சமும் அவசரமில்லாமல், பந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டு நின்றது. பத்து நிமிஷத்தில் கழுத்து வலித்ததால் குனிந்தோம். அரை மணி நேரத்தில் கடலைக்காரர் மறுபடி கூவத் தொடங்கினார்.

ரெஃப்ரி முத்தையா சார் பாளையங்கோட்டையில் பி.டி. வாத்தியார். ரெண்டு ஊருக்கும் சொந்தமில்லாத ஆள் வேண்டும் என்று அங்கிருந்து கூட்டி வந்திருந்தோம். அவர் நடு மைதானத்துக்கு வந்து, விசிலை வாயிலிருந்து எடுக்காமலே தீர்ப்புச் சொன்னார்:

"நேரம் முடிஞ்சு அடிக்க பெனால்டிக்குச் சட்டம் என்ன சொல்லுதுன்னா, பந்து உள்ள போணும், இல்லன்னா வெளிய போணும், இல்லன்னா அசையாம நிக்கணும். இது சுத்திக்கிட்டுல்லா இருக்கு? அப்ப ஆட்டம் முடியல. என் அனுமதி இல்லாம பிளேயர் ஒருத்தனும் கிரவுண்ட விட்டு வெளிய காலு வைக்கக்கூடாது."

அதற்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை, ஏனென்றால் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இருந்தது. பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தால் எங்களுக்குக் கப்பு, பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு. வெளியே விழுந்தால் டிரா. டிரா ஆனால் போன வருஷம் ஜெயித்தவர்களிடமே கப்பு இருக்கும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம், போன வருஷம் ஜெயித்தவர்கள் வலியகடவுக்காரர்கள், அதற்கு முந்தின வருஷமும் அவர்கள்தான், அதற்கு முந்தின வருஷத்தைப் பற்றிப் பேசினால் எங்கள் அப்பா சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

எங்கள் ஊருக்குப் பந்து எப்படிப்பட்டது என்றால், இறுதி ஆட்டத்தன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்காது, ஆழ்கடலுக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் வயர்லெஸ்ஸில் "லேய், எத்தனை? எத்தனைலே?" என்று மீனை மறந்து கத்துவார்கள், ஃபாதர் பூசையை இருபது நிமிஷத்தில் முடித்து "சென்று வாருங்கள்" என்பதற்குள் தானே முதலில் சென்றுவிடுவார், படுக்கையில் கிடக்கும் ஆள்கூட ஊதா நிறச் சட்டை போட்டுக்கொண்டுதான் கிடப்பார். நாங்கள் கோல் போட்டால் முன்பின் தெரியாத ஆள் என்னைத் தூக்கிச் சுற்றுவார், வருஷக்கணக்காகப் பேச்சில்லாத சித்தப்பாவும் அப்பாவும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், ஆட்டம் முடிந்ததும் மறுபடி பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் எல்லாம். அந்த நொடியில் இரண்டாயிரம் பேருக்கும் ஒரே தொண்டை.

தொண்டை என்றதும் என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எனக்குப் பதினாறு வயது, பெயர் பெல்சி, டெல்பினுக்குத் தங்கச்சி, யார் குரலும் எனக்கு வரும். ஃபாதர் குரலில் பேசி உபதேசியாரை ரெண்டு தடவை கோயில் மணியடிக்க வைத்திருக்கிறேன். அப்பா குரலில் கூப்பிட்டு அம்மாவை அடுக்களையிலிருந்து ஓடி வரவைத்து, அகப்பையால் வாங்கிக்கட்டியும் இருக்கிறேன்.

அன்றைக்குப் பந்து மேலே போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வர்ணனை சொல்கிற மைக் ஸ்டான்லி அண்ணன் தொண்டை வறண்டு டீ குடிக்கப் போனார். மைக் தனியாக இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். வேறென்ன நடக்கும்?

"அன்பார்ந்த கால்பந்து ரசிகப் பெருமக்களே!" என்று ஸ்டான்லி அண்ணன் குரலில் ஆரம்பித்தேன். "அந்தரத்தில் தொங்குவது பந்தா, அல்லது மருமகனின் மனசாட்சியா? மனைவி பிறந்த வீடு வலியகடவு! கோலில் நிற்பவனோ மச்சினன் ஆன்றோ! மாமியார் வைத்த நெய்மீன் குழம்பின் மணம் மூக்கைத் துளைக்க, கோலுக்கு அடிக்க வேண்டியதைக் கம்பிக்கு அடித்தாரோ நமது டெல்பின்!"

எல்லாம் உள்ளதுதான். அண்ணன் கட்டியிருப்பது வலியகடவுப் பெண், லிஜா மைனி. தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாசம் கூட்டிப்போய் அவள் அங்கேதான் இருந்தாள். அவளுடைய தம்பி ஆன்றோதான் அவர்கள் கோல்கீப்பர். குழம்புகூட உண்மைதான், நானே சாப்பிட்டிருக்கிறேன்.

நாலாயிரம் பேர் சிரித்தார்கள். பொய் சொல்லமாட்டேன், இனித்தது. ஆனால் அந்தச் சிரிப்பு முடியும்போது அதன் வால் வேறு மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அட, ஆமாலே" என்றார். அந்த "ஆமாலே" வரிசை வரிசையாக நகர்ந்து கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது முழு உண்மையாகிவிட்டிருந்தது. ஸ்டான்லியே மைக்கில் சொல்லியாயிற்றே. டீக்கடையிலிருந்து திரும்பிய ஸ்டான்லி அண்ணனை நாலு பேர் கைகுலுக்கி, "நல்லா கேட்டியரு ஓய்" என்றார்கள். அவர் எதற்கென்று தெரியாமலே, "கடமை" என்றார்.

அன்று சாயங்காலமே அண்ணனுடைய போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், மாமனார் வீட்டிலிருந்து உத்தரவு வருமாம். எங்கள் வீட்டு ஓட்டில் ரெண்டு கல் விழுந்தது. மதில் சுவரில் கரியால் "மாமியார் வீட்டுப் பிள்ளை" என்று எழுதியிருந்தது, கையெழுத்து எங்கள் சித்தப்பாவுடையது. மூன்றாம் நாள் முத்தையா சார் இளகி, "அவன் அடிச்சி முடிச்சிட்டான்யா, சட்டப்படி நான் அனுமதி குடுக்கலாம், போயிப் பொஞ்சாதியப் பாத்துட்டு வரட்டும்" என்றார். அதற்கு எங்கள் ஆட்கள் மிகுந்த மரியாதையோடு, "குடுக்கலாம் சார். ஆனா நீங்க பாளையங்கோட்டை போகதுக்கு ரெண்டு காலு வேணும் இல்லியா?" என்று கேட்டார்கள். வலியகடவுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. "பந்து உள்ள விழுந்தா எங்க கப்ப எடுத்தவன் அவன். விழுகதுக்கு முந்தி எங்க ஊருல காலு வச்சா முட்டு இருக்காது" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆக, மற்ற பிளேயர்கள் சாரிடம் அனுமதி வாங்கி வீட்டுக்குப் போய்வந்தார்கள், ஆன்றோ கோல் கோட்டிலும் என் அண்ணன் பெனால்டி புள்ளியிலும் தங்கிவிட்டார்கள். பிள்ளை பிறக்கும்போது வாசலில் நிற்பேன் என்று லிஜா மைனியின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டு வந்தவன். இன்னும் ரெண்டு மாசம் இருந்தது. பந்து ரெண்டு மாசமா நிற்கப்போகிறது என்று அவன் முதலில் சிரித்தான்.

ஊர் எதற்கும் பழகிவிடும். ஒரு வாரத்துக்குள், மேலே பந்து நிற்பது கடல் பக்கத்தில் இருப்பதைப் போல ஆகிவிட்டது. பந்து நின்ற கோல் மேற்குப் பக்கம், கடலோரம். அதனால் உச்சிக்குக் கொஞ்சம் முந்தி பந்தின் நிழல் வலைக்குள்ளே விழும், அப்போது நாங்கள் வெடி போட்டு "கோல்!" என்று ஆடுவோம். உச்சி கழிந்ததும் நிழல் கோட்டைத் தாண்டி மைதானத்துக்கு வரும், அப்போது அவர்கள் வெடி போட்டு ஆடுவார்கள். வெடிச் சத்தத்தை வைத்து அம்மா உலை வைத்தாள். காக்கை வந்து பந்தில் உட்கார்ந்தால் ஆட்டம் செல்லாமல் போய்விடுமோ என்று ரெண்டு ஊரும் சேர்ந்து காக்கை ஓட்ட ஆள் போட்டது. பட்டம் விடத் தடை வந்தது. தென்னை ஏறுகிறவர்கள் அந்தப் பக்கம் மேலே பார்க்காமல் ஏறவேண்டும் என்று பேச்சானது.

முத்தையா சார் விசிலை வாயிலிருந்து எடுக்கவே கூடாது என்பதால் இடது கன்னத்தில் விசில், வலது கன்னத்தில் சோறு என்று சாப்பிடப் பழகிக்கொண்டார். ஒரு நாள் எங்கள் ஊர்ச் சோறு, ஒரு நாள் அவர்கள் ஊர்ச் சோறு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருடைய மனைவி வெளுத்த சட்டைகளோடு பஸ்ஸில் வந்து, மைதானத்து ஓரமாக நின்று, "இங்க மீனு திங்கியளே, வீட்டுல மோந்துகூடப் பாக்க மாட்டியளே" என்று கேட்டுவிட்டுப் போவார். தவக்காலம் வந்தது. சிலுவைப்பாதையை ஃபாதர் மைதானத்தைச் சுற்றியே நடத்தினார். பதினோராம் ஸ்தலம் சரியாகக் கோல் கம்பத்துக்கு முன்னால் வந்தது, ஜனங்கள் முழந்தாளில் இருந்தபடியே ஒரு கண்ணால் மேலே பார்த்தார்கள். "பிரியமான சகோதர சகோதரிகளே, ஆண்டவரைப் பாருங்கள்" என்றார் ஃபாதர், அவரும் மேலே பார்த்துக்கொண்டே.

பந்துக்குக் காவலாக எங்கள் ஆள் நாலு, அவர்கள் ஆள் நாலு, முறை வைத்து உட்கார்ந்தார்கள். முதல் வாரம் ஒருவர் தாயை ஒருவர் ஏசினார்கள். ரெண்டாவது வாரம் ஏசுவதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாமல் பழையதையே திருப்பிச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் சீட்டு. நாலாவது வாரம், "உனக்க அம்மைக்கி முட்டுவலி எப்படியிருக்கு?" என்று கேட்டுக்கொண்டார்கள். அவரவர் ஊருக்குத் திரும்பியதும் மட்டும், "நாலு வார்த்த நறுக்குன்னு கேட்டுட்டுல்லா வந்தேன்" என்றார்கள்.

அண்ணன் விஷயத்தில்தான் ஊருக்குக் குழப்பம். ஜங்ஷனில் அவனுக்கு வைத்த பிளக்ஸ் ஒன்று இருந்தது, "மிக்கேல்துறையின் இடது கால்" என்று எழுதி, பக்கத்தில் புலிப்படம் போட்டு. பெனால்டியன்று ராத்திரி அதைக் கிழிக்கப் போனவர்கள் பாதி கிழித்ததும், "ஒருவேளை உள்ள விழுந்துட்டுன்னா?" என்று யோசித்து நிறுத்திவிட்டார்கள். அதனால் அண்ணன் பாதி முகத்தோடும் புலி முழு முகத்தோடும் நின்றார்கள். ரோஜா மாலை ஒன்றும் செருப்பு மாலை ஒன்றும் மைக் ஷெட்டில் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தயாராகத் தொங்கின. ரோஜா மாலையைத் தினமும் மாற்றினார்கள். செருப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

போன் இல்லாததால் நான்தான் போனாக இருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரை வழியாக அரை மணி நடந்து வலியகடவுக்குப் போவேன். லிஜா மைனி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுவாள். திரும்பி வந்து கம்பத்தடியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்ட அண்ணனுக்கு மைனியின் குரலிலேயே சொல்லுவேன்:

"சாப்பிட்டியளா? வெயிலுல நிக்காதங்க. பிள்ள இன்னைக்கி எட்டு மட்டம் சவுட்டிச்சு. எல்லாம் இடது காலுன்னு டாக்டரம்மா சொல்லுகாவ."

அவன் சொன்னதைக் கொண்டுபோய் அங்கே அவன் குரலில் சொன்னால், அடுக்களையிலிருந்து மாமனார் கிளமெண்ட் எட்டிப் பார்த்து, "மருமவன் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும், "ச்சே, இந்தப் பிசாசா?" என்பார். மாமியார் பிலோமினாள் அண்ணனுக்கென்று ஒரு தூக்குவாளி குழம்பு தந்துவிடுவாள். அதைக் காவல்காரர்கள் எட்டுப் பேரும், மாமியார் வீட்டிலிருந்து வந்தது என்பதால் நன்றாகச் சோதித்துப் பார்த்து, சோதனையிலேயே தீர்த்துவிடுவார்கள்.

நான் சொன்ன ஒரு சிரிப்புதான் அண்ணனை அங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். செருப்பு மாலையைப் பார்த்ததும் நாளைக்கழித்துச் சொல்லலாம் என்று தோன்றும்.

ஐம்பதாவது நாளோ என்னவோ, மைனி குரலில் பேசி முடித்ததும் அண்ணன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

"ஸ்டான்லி அண்ணன் பேசுகதுக்கு முந்தி என்ன செய்வாரு?"

"ரெண்டு மட்டம் இருமுவாரு."

"அன்னைக்கி இருமலயே பெல்சி."

"தெரியுமா?"

"அப்பமே தெரியும்."

"பின்ன ஏன்ணே சொல்லல?"

"சொன்னா அந்தக் கல்லு எல்லாம் உனக்க மேலல்லா விழும். எனக்குன்னா பழக்கம். போன வருஷம் ரெண்டு கோல் விட்டதுக்கு அப்பாவே எறிஞ்சாரு." சிரித்தான். பிறகு மேலே பார்த்து, "அவளுக்க கிட்ட மட்டும் சொல்லிராத, சிரிச்சிச் சிரிச்சி அவளுக்கு வலி வந்துரும்" என்றான்.

அறுபத்திமூன்றாம் நாள் காலை, பத்துப் பத்தரை மணிக்கு, அம்மாவின் போனில் பிலோமினாள் அழைத்தாள். லிஜா மைனிக்கு வலி வந்துவிட்டது, வலியகடவில் சிஸ்டர்மார் நடத்துகிற ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பிள்ளை மத்தியானத்துக்குள் வந்துவிடும். "அவ மாப்பிள்ளைய மட்டுந்தான் கேட்டுட்டு கெடக்கா" என்று அழுதாள்.

நான் மைதானத்துக்கு ஓடினேன். வெடி போடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்ததால் ரெண்டு ஊரும் கூடி நின்றது. ஸ்டான்லி அண்ணன் மைக்கைப் பெஞ்சில் வைத்துவிட்டு டீயைக் கையில் எடுத்திருந்தார். எனக்கு உடனே தோன்றியது பழைய வழிதான். மைக்கை எடுத்து ஃபாதர் குரலில் சொன்னேன்:

"பிரியமான சகோதர சகோதரிகளே! டெல்பினைப் போகவிடுங்கள். இது திருச்சபையின் கட்டளை."

பாதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டு வழிவிட்டார்கள். மீதிப் பாதி ஃபாதரைப் பார்த்தது. ஃபாதர் வாயில் பருப்புவடையோடு அவர்கள் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அப்புறம் வேறு குரல் ஒன்றும் மிச்சமில்லை. என் குரல் மைக்கில் எப்படியிருக்கும் என்று அதுவரை நான் கேட்டதில்லை, கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"நான் பெல்சி பேசுகேன். ஸ்டான்லி அண்ணன் சொல்லல. நெய்மீன் குழம்ப நான்தான் சொன்னேன். சும்மா சிரிக்கதுக்குச் சொன்னேன். எனக்க அண்ணன் கோலுக்குத்தான் அடிச்சான். மைனிக்கி வலி வந்துட்டு. அவன விடுங்க."

சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "புளுவாதட்டீ. அது ஸ்டான்லிக்க சத்தம். எனக்க காதால கேட்டேன்."

"அண்ணனக் காப்பாத்த நாடகம் போடுகா."

"அப்பம் திரும்பச் சொல்லிக் காட்டட்டும்!"

சொல்லிக் காட்டினேன். ஸ்டான்லி அண்ணன் பக்கத்தில் வாயைத் திறந்தபடி நிற்க, அவர் குரல் என் வாயிலிருந்து "அந்தரத்தில் தொங்குவது பந்தா" என்று தொடங்கி, நெய்மீன் குழம்பு மணத்து, "நமது டெல்பின்!" என்று முடிந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இவ என்னைவிட நல்லால்லா சொல்லுகா" என்றார் வருத்தத்தோடு.

முதலில் சிரித்தது வலியகடவுக்காரர்கள். எங்கள் ஆட்கள் சிரிக்கவில்லை. அவர்கள் ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள். கல் எறிந்தவர்கள் யார் யார் என்று ஊருக்கே தெரியும், அவர்கள் இப்போது தங்கள் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்கள். சித்தப்பா எழுந்துபோய் ஆணியிலிருந்து செருப்பு மாலையை எடுத்து வந்தார். என் முன்னால் வந்து நின்று, யோசித்து, அதைத் தன் கழுத்தில் பாதி போட்டுக்கொண்டு மறுபாதியை என் கழுத்தில் போட்டார். நீளமான மாலை, அண்ணனுக்கென்று தாராளமாகக் கட்டியது. "ரெண்டு பேருக்கும் இது போதும்" என்றார்.

முத்தையா சாரை யாரும் கேட்கவேயில்லை. அவரே வலது கன்னத்தால் கத்தினார்: "போ ஏல, போ! பிள்ளப் பேறுக்கு இல்லாத அனுமதியா? கீப்பர், நீயும் போ. தாய்மாமன் இல்லாம என்ன பேறு?"

அண்ணனும் ஆன்றோவும் சேர்ந்து கடற்கரை மணலில் ஓடினார்கள். எங்கள் ஆட்கள் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது வலியகடவுக்காரன் ஒருத்தன் இடுப்பிலிருந்து எதையோ எடுத்து உதறினான். உள்ளங்கை அளவுக்கு ஒரு பச்சைச் சட்டை, அவர்கள் டீமின் நிறம். "பிள்ள பெறக்கது எங்க ஊருல. அப்பம் அது யாரு ஆளு?" என்றான்.

அவ்வளவுதான். "எனக்க ஊரு ரத்தம்லே அது!" என்று சித்தப்பா அலற, யார் வீட்டிலோ தைத்துத் தயாராக இருந்த ஊதாச் சட்டை ஒன்று தலைக்கு மேலாகக் கை மாறி வந்தது. பிள்ளைக்கு முதலில் சட்டை மாட்டப்போவது யார் என்று நாலாயிரம் பேர் வலியகடவுக்கு ஓடினார்கள். காவல் எட்டுப் பேரும் ஓடினார்கள், எங்கள் நாலு பேர் ஓடியதால் அவர்கள் நாலு பேர், அவர்கள் நாலு பேர் ஓடியதால் எங்கள் நாலு பேர். நானும் சித்தப்பாவும் ஒரே மாலையில் இருந்ததால் கால் சேர்த்து ஓடவேண்டியிருந்தது. மைதானத்தில் முத்தையா சார் மட்டும் இருந்தார், அறுபத்திமூன்று நாளில் முதல் முறையாகத் தனியாக.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். சொன்ன சொல்படி, வாசலில். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தபோது, அது எப்படிப்பட்ட சத்தம் என்று எனக்கு இன்றைக்கும் செய்து காட்டத் தெரியாது, நாலாயிரம் பேரும் ஒரே தொண்டையால் கத்தினார்கள். ஊதாவும் பச்சையும் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்தது. சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார், மாலையில் செருப்பெல்லாம் ராட்டினம் போலப் பறந்து, மாலையே அறுந்துபோனது. ஒரு சிஸ்டர் வெளியே வந்து, "பெண் குழந்தை. சத்தம் போடுகிறவர்களுக்கு ஊசி போடுவேன்" என்றார். ரெண்டு சட்டைகளையும் பிடுங்கிக்கொண்டு, "குழந்தை இதில்தான் இருக்கும்" என்று ஒரு வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டைக் காட்டிவிட்டுப் போனார்.

அண்ணன் உள்ளே போனான். கதவு இடுக்கில் நான் பார்த்தேன். இடது காலால் உலகத்தை உதைக்கிறவன், ஒரு காலையும் அசைக்காமல், மூச்சுக்கூட விடாமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். மைனி அவனைப் பார்த்து, "இந்தப் பந்தக் கீழ போட்டுராதங்க" என்றாள்.

அப்போது தூரத்தில் மைதானத்தில் விசில் சத்தம் கேட்டது. நீளமாக, மூன்று தடவை.

எல்லோரும் திரும்ப ஓடினோம். வானம் சுத்தமாக இருந்தது. பந்து கோயில் மதிலோரமாக, ஒன்றுமே நடக்காதது போலக் கிடந்தது. கோட்டில் பட்ட தடம் எதுவும் இல்லை, இருந்திருந்தாலும் அதன்மேல் நாலாயிரம் பேர் ஓடியாகிவிட்டது. முத்தையா சார் கம்பத்தில் சாய்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ளயா சார்?" என்றோம் நாங்கள்.

"வெளியத்தான சார்?" என்றார்கள் அவர்கள்.

"ஆளில்லாம இருந்துச்சா, காத்தும் நல்லா வந்துச்சா," என்றார் அவர், "கண்ணு அசந்துட்டேன்யா. சத்தம் கேட்டு முழிச்சிப் பாத்தா உருண்டு போய்க்கிட்டு இருக்கு. சத்தியமா நான் பாக்கல."

அதற்கப்புறம் நடந்ததைப் போல ஒற்றுமையை இந்தக் கடற்கரை கண்டதில்லை. எங்கள் ஊர் தொடங்கிய வசவை அவர்கள் ஊர் முடித்தது. "அறுவத்திமூணு நாளு எங்க மீனத் தின்னியே ஓய்!" என்று அவர்கள் கத்த, "அதுல பாதி எங்க மீனு!" என்று நாங்கள் சேர்ந்துகொண்டோம். ஃபாதர் காதைப் பொத்திக்கொண்டார், ஆனால் போகவில்லை. முத்தையா சார் விசிலை வாயிலிருந்து எடுத்து, துடைத்து, சட்டைப்பைக்குள் போட்டு, ரெண்டு கன்னத்தாலும் சிரித்தார். ரெஃப்ரியை எல்லோரும் சேர்ந்து ஏசினால்தான் ஒரு ஆட்டம் ஒழுங்காக முடிந்தது என்று அர்த்தமாம், பஸ் ஏறும்போது சொன்னார். ஏற்றிவிட ரெண்டு ஊரும் வந்திருந்தது. கருவாட்டுப் பொட்டலங்களோடு அவருக்கு மூன்று சீட்டு தேவைப்பட்டது.

அன்றைக்கு அந்த வசவு ஓயுமுன்பே நான் அண்ணனிடம் சொல்ல மறுபடி வலியகடவுக்கு ஓடினேன். மூச்சிரைக்க அறைக்குள் போய், "அண்ணே, பந்து எறங்கிட்டு!" என்றேன்.

அவன் உதட்டில் விரலை வைத்தான். "பைய. இப்பம்தான் உறங்குனா."

நான் காத்திருந்தேன். உள்ளேயா வெளியேயா என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. குனிந்து, அவள் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். மைனியும் தூங்கிவிட்டாள். இவ்வளவு பெரிய செய்தியை வைத்துக்கொண்டு ஒரு சத்தமும் போட முடியாமல் அந்த அறைக்குள் எவ்வளவு நேரம்தான் நிற்பது? நுனிக்காலில் வெளியே வந்தேன், வராந்தாவைத் தாண்டினேன், முற்றத்தைத் தாண்டினேன், ரோட்டைத் தாண்டி மணலில் இறங்கி, அலை கால் வரைக்கும் வருகிற இடத்தில் நின்று, யார் குரலும் இல்லாமல் என் கீச்சுக் குரலிலேயே, நெஞ்சு வெடிக்கக் கத்தினேன்:

"கோல்ல்ல்ல்!"

கொஞ்சம் தள்ளி வள்ளத்தில் ஏறி உட்கார்ந்து பேத்தி பிறந்த சந்தோஷத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த மாமனார் கிளமெண்ட் தலையைத் தூக்கினார்.

"வெளியட்டீ!"

"உள்ள!"

"வெளிய! அது சுத்தமான வெளிய!"

"நீங்க கண்டியளா?"

"நீ கண்டியா?"

பிலோமினாள் சோற்றுக்குக் கூப்பிடும் வரை இருவரும் அங்கேயே நின்று கத்திக்கொண்டிருந்தோம்.